பி-பி லென்ஸில் முதல் 'பி' யார்?

மெய்நிகர் கண்ணாடிகளுக்கான லென்ஸ் பற்றி ஒரு ஆய்வுக்கட்டுரை படிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'பி-பி லென்ஸ்', 'பி-பி கிரேட்டிங்' என்றே வந்தது. இரண்டாவது பி, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்ரி. அது தெரிந்த பெயர். முதல் பி-யைத் தேடிப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: பஞ்சரத்னம்.

சி.வி. ராமனின் சகோதரி மகன். 1934-ல் பிறந்தவர். பெங்களூரில் மாமாவின் ராமன் ஆய்வு நிறுவனத்தில், படிகங்களுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வேலையின் ஊடே, 1956-ல், 22 வயதில் ஒரு கட்டுரை எழுதினார்.

அதில் இருந்தது இதுதான். ஒளியின் அதிர்வு எந்த விதமானது என்பதைத் தளவிளைவு என்கிறோம். எல்லாத் தளவிளைவுகளையும் ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம். வட துருவத்தில் ஒரு பக்கம் சுழலும் ஒளி, தென் துருவத்தில் எதிர்ப்பக்கம் சுழலும் ஒளி, நடுக்கோட்டில் நேர்க்கோட்டு அதிர்வுகள். ஒளியை ஒரு புள்ளியிலிருந்து கிளப்பி, இன்னும் இரண்டு புள்ளிகள் வழியாக, கிளம்பின இடத்துக்கே கொண்டு வர்றோம்னு வைங்க. தளவிளைவு பழையபடிதான். ஆனால் அலையின் கட்டம் மாறியிருக்கும். எவ்வளவு? ஆரம் 1 உள்ள கோளத்தில், அந்த முக்கோணத்தின் பரப்பில் பாதி. ஒளி கடந்த தூரத்தால் வருவது தனிக் கணக்கு. இது போன வழியின் வடிவத்தால் மட்டுமே வருவது.

கிட்டத்தட்ட யாரும் கவனிக்கவில்லை. 1964-ல் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1969-ல் அங்கேயே இறந்தார். வயது 35.

1984-ல் பெர்ரி இதே சங்கதியைக் குவாண்டம் இயற்பியலில், பஞ்சரத்னத்தைப் பற்றித் தெரியாமலேயே கண்டுபிடித்தார். உலகமே அதைப் பேசியது. 1986-ல் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், 'இதுக்கு முன்னோடி இங்கேயே இருக்கு' என்று காட்டினார்கள். அடுத்த வருஷமே பெர்ரி, தலைப்பிலேயே பஞ்சரத்னத்தின் பெயரைப் போட்டுக் கட்டுரை எழுதினார். ஒரு அடிக்குறிப்போடு தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை.

சரி, லென்ஸுக்கு வருவோம். சாதாரண லென்ஸ் நடுவில் தடிமன், ஓரத்தில் மெலிசு. தடிமன் வித்தியாசம்தான் ஒளியை வளைக்கிறது. பி-பி லென்ஸ் எங்கும் ஒரே தடிமன், சுமார் 2 மைக்ரான். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. அதில் திரவப் படிகத்தின் குச்சி போன்ற மூலக்கூறுகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் படுத்திருக்கும். சுழல் ஒளி உள்ளே போனால், கோளத்தில் ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்குப் போகிறது. எந்தத் தீர்க்கரேகை வழியாக என்பதை அந்த இடத்து மூலக்கூறின் திசை முடிவு செய்கிறது. வழி வேறானால் கட்டமும் வேறு: மூலக்கூறு எவ்வளவு கோணம் திரும்பியிருக்கிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு. ஆக, திசைகளை நேர்வரிசையில் சீராகத் திருப்பிக்கொண்டே போனால் ஒளியைச் சாய்க்கும் கிரேட்டிங். நடுவிலிருந்து ஓரம் போகப்போக வேகமாகத் திருப்பினால் லென்ஸ். வேடிக்கை என்னன்னா, ஒரு பக்கம் சுழலும் ஒளியைக் குவிக்கிற அதே தகடு, எதிர்ப்பக்கம் சுழல்வதை விரிக்கும்.

2019-ல் ஃபேஸ்புக் ஆய்வகம் காட்டிய 'ஹாஃப் டோம் 3' மாதிரிக் கண்ணாடியில், இப்படிப்பட்ட திரவப் படிகத் தகடுகளை அடுக்கி 64 குவிய தூரங்கள் வரை மாற்றினார்கள்.

இன்னொன்று சொல்லணும். பஞ்சரத்னத்தின் அண்ணன் எஸ். சந்திரசேகர். நோபல் வாங்கியவர் இல்லை, இவர் வேறு. திரவப் படிக ஆய்வில் உலகப் பெயர். 1977-ல் அதே ராமன் நிறுவனத்தில், சதாசிவா, சுரேஷ் இருவரோடும் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார். பி-பி லென்ஸில் இருப்பது குச்சி வடிவம்தான். அதனால் அண்ணன் பெயரை இழுத்து அதில் ஒட்ட மாட்டேன். அவருடைய தட்டுகள் எல்சிடி திரைகளுக்குள் போயின, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் மங்காமல் இருக்க ஒட்டும் படலத்தில்.