தூக்குக் கயிறும் ஒரு பவுண்டு நோட்டும்

சீனத்தில் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1375ஆம் ஆண்டு வெளியிட்ட காகிதப் பணத்தின் படத்தைக் காணும்போது, முதலில் அதன் அளவே நம்மை வியக்க வைக்கிறது. முசுக்கட்டை மரப்பட்டையிலிருந்து செய்யப்பட்ட சாம்பல் நிறத் தாள். நீளம் ஏறத்தாழ முக்கால் முழம். நடுவே, துளையிட்ட காசுகளைக் கோத்த பத்துச் சரங்களின் ஓவியம். எழுத்தறியாதவரும் சரங்களை எண்ணி மதிப்பை அறிந்துகொள்ளலாம். அதன் கீழே எழுத்தறிந்தவர்க்கான செய்தி இருக்கிறது. கள்ளப்பணம் அடிப்பவரின் தலை கொய்யப்படும். காட்டிக் கொடுப்பவருக்கு 250 தேல் வெள்ளியும் குற்றவாளியின் உடைமைகளும் பரிசாகக் கிடைக்கும்.

ஆக, காகிதப் பணத்துக்கு அன்றே இரண்டு காவல்கள் இருந்தன. ஒன்று தொழில்திறன், மற்றொன்று அச்சுறுத்தல். முதற்காவல் தளரும்போது இரண்டாவது எவ்வளவு கொடியதாக மாறும் என்பதை அறிய விரும்புவோர், இங்கிலாந்தின் வரலாற்றில் 1797 முதல் 1821 வரையிலான இருபத்து நான்கு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையினர் சிலர் வேல்ஸ் கடற்கரையில் வந்திறங்கினர். படையெடுப்பு இரண்டே நாளில் பிசுபிசுத்துப் போயிற்று. ஆனால் மக்கள் பீதியடைந்து, நோட்டுகளைக் கொடுத்துத் தங்கமாக மாற்றிக்கொள்ள முண்டியடித்தனர். போர்ச் செலவால் ஏற்கெனவே வற்றியிருந்த இங்கிலாந்து வங்கியின் தங்க இருப்பு இதைத் தாங்காது என்று கண்ட அரசு, நோட்டுக்குத் தங்கம் தருவதையே நிறுத்தி வைத்தது. சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க, வங்கி ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை அவசரமாக வெளியிட்டது.

அதுவரை வங்கியின் மிகச் சிறிய நோட்டு ஐந்து பவுண்டு. உழவுத் தொழிலாளி ஒருவர் வாரம் முழுதும் உழைத்தாலும் ஒரு பவுண்டு தேறாத காலம் அது. எனவே வங்கி நோட்டு என்பது வணிகரும் நிலக்கிழாரும் கையாண்ட பொருள். ஐயம் வந்தால் விசாரித்தறிய அவர்களுக்கு வழியும் இருந்தது. 1797க்குப் பின்னர் அதே நோட்டு கசாப்புக் கடைக்கும் மதுக்கடைக்கும் சந்தைக்கும் வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைகளிலும் அது புழங்கலாயிற்று.

அந்த நோட்டு எப்படி இருந்தது? வெள்ளைத் தாளில் கறுப்பு மை. ஒரு பக்கம் மட்டுமே அச்சு. கையெழுத்தைப் போன்ற சில வரிகள், இடப்புற மூலையில் பிரிட்டானியாவின் சிறு உருவம், ஓர் எண், ஓர் ஒப்பம். ஹாம்ப்ஷயர் ஆலையில் செய்யப்பட்ட நீர்க்குறியிட்ட தாள்தான் அதன் ஒரே வலுவான காப்பு. ஓரளவு கைத்தேர்ச்சியுள்ள செதுக்குநர் எவரும் அதன் செப்புத்தகட்டைப் போலச் செய்துவிட முடியும். பொத்தான், உலோக வேலைகளுக்குப் பெயர் பெற்ற பர்மிங்காமில் அத்தகையோர் பலர் இருந்தனர். போர்க்கைதிகளாக அடைபட்டிருந்த பிரெஞ்சுக்காரர்களும் நோட்டு வரைந்தார்கள்.

இதைவிடக் கடினமான வேலைப்பாடு அந்நாளில் இயலாததா என்றால், இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் குடியேற்றங்களில் பெஞ்சமின் பிராங்க்ளின், உண்மையான இலையொன்றை அச்சில் வார்த்தெடுத்து நோட்டின் மீது பதித்திருந்தார். இலையின் நரம்புகளை எந்தச் செதுக்குநராலும் அப்படியே படியெடுக்க இயலாது என்பது அவர் கண்ட உபாயம்.

இங்கிலாந்தில் கள்ள நோட்டு பெருகியபோது, வங்கி பெரிதும் நம்பியது சட்டத்தை. நோட்டைப் போலச் செய்வதற்கும், கள்ள நோட்டு என்று தெரிந்தே அதை மாற்றுவதற்கும் தண்டனை தூக்கு. 1801இல் வந்த சட்டம், தகுந்த காரணமின்றிக் கள்ள நோட்டை வைத்திருப்பதற்கே பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் என்றது. பலர் இந்தச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிர் தப்பி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அப்படியும் இந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அகப்பட்டவர்களுள் தகடு செதுக்கியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் ஒன்றிரண்டு நோட்டை வாங்கிக் கடைத்தெருவில் மாற்ற முயன்ற ஏழைகள். அவர்களுள் பெண்களும் கணிசமாக இருந்தனர். நியூகேட் சிறையிலிருந்து அப்பெண்கள் வங்கிக்கே கடிதம் எழுதிப் பணவுதவி கேட்டதும், தன்னால் சிறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கே வங்கி சிறு தொகை கொடுத்ததும் வங்கியின் ஆவணங்களில் பதிவாகியுள்ளன.

வழக்குமன்றத்தில் நிகழ்ந்ததையும் நாம் கவனிக்க வேண்டும். நோட்டு பொய்யானது என்று கூறியவர் வங்கியின் ஆய்வாளர். எந்த அடையாளத்தைக் கொண்டு அறிந்தார் என்பதை வெளியிட வங்கிக்கு விருப்பமில்லை. வெளியிட்டால் கள்ளர்கள் அதையும் கற்றுக்கொள்வார்கள் என்பது அதன் வாதம். பறிகொடுத்ததாகச் சொல்பவரின் ஆளே சாட்சியும் ஆகிறார்; அவர் சொல்லே ஓர் உயிரைத் தீர்மானிக்கிறது. பொற்கொல்லன் சொல் கேட்டு, சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாராமலே கோவலனைக் கொன்ற மதுரை நமக்கு நினைவுக்கு வராமல் இராது.

இலண்டனில் அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் ஜூரிகள். 1818ஆம் ஆண்டு இறுதியில், இது கள்ள நோட்டு என்று எப்படித் தெரியும் என அவர்கள் கேட்கத் தொடங்கினர். மனநிறைவான விடை கிடைக்காதபோது குற்றவாளியல்ல என்று தீர்ப்பளித்தனர். 1819 ஜனவரியில் ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்னும் கேலிச்சித்திரக்காரர் ஒரு நோட்டையே வரைந்தார். அதில் தூக்கில் வரிசையாகத் தொங்கும் உருவங்கள் இருந்தன. பவுண்டுக் குறி தூக்குக் கயிற்றால் ஆனது, பிரிட்டானியா தன் குழந்தையைத் தின்றுகொண்டிருந்தாள், ஒப்பமிட்டவரோ தூக்கிலிடுவோன். நோட்டு மாற்றியதற்காகப் பெண்கள் தூக்கிலிடப்பட்டதைக் கண்டதே அதை வரையத் தூண்டியது என்று அவர் முதுமையில் எழுதினார். அதை வெளியிட்ட வில்லியம் ஹோனின் கடைமுன் மக்கள் கூட்டம் தெருவை அடைத்தது.

வங்கியின் தரப்பையும் சொல்லிவிடுவது நேர்மை. அது வாளாவிருக்கவில்லை. யோசனைகள் நூற்றுக்கணக்கில் வந்தன; பலவும் சோதிக்கப்பட்டன. அப்ளிகாத் என்பவரின் பலவண்ண அச்சு முறைக்குப் பெருஞ்செலவு செய்யப்பட்டது. வங்கியின் சொந்தச் செதுக்குநரே அதைப் போலச் செய்து காட்டியதும் திட்டம் குலைந்தது. ஒரு மனிதன் செய்ததை இன்னொருவனும் செய்யக்கூடும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் எவராலும் போலச் செய்யவே முடியாத நோட்டை யாரும் கேட்கவில்லை. பாமரர் ஒருவர் தன் கையில் உள்ளது மெய்யா பொய்யா என்று தாமே கண்டுகொள்ளத்தக்க நோட்டைத்தான் கேட்டார்கள்.

இறுதியில் விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1821இல் தங்கம் திரும்பியது. சிறு நோட்டுகள் மறைந்தன. அவற்றோடு வழக்குகளும் குறைந்தன. 1829இல் ஒருவர் தூக்கிலிடப்பட்டதே இங்கிலாந்தில் கள்ள ஆவணக் குற்றத்துக்கு நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனை. 1837இல் அக்குற்றத்துக்கான தூக்குத் தண்டனை முற்றிலும் ஒழிந்தது. நோட்டு மாறாமல், மனிதர் திருந்தாமல், சூழல் மாறியதனாலேயே குற்றம் தணிந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இந்தியாவில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வெளிவந்த விக்டோரியா உருவ நோட்டுகளும் கள்ள நோட்டுகள் பெருகியதால் திரும்பப் பெறப்பட்டன. 1867 முதல் வேறு வடிவம் வந்தது. 2016இல் வந்த நம் ஐந்நூறு ரூபாய் நோட்டில், ஓரத்தில் புடைத்த ஐந்து கோடுகளும் ஒரு வட்டமும் உள்ளன. பார்வையற்றவர் விரலால் தடவி மதிப்பை அறிவதற்கானவை அவை. மிங் நோட்டின் காசுச் சரங்கள் செய்த வேலையை அவை செய்கின்றன.

என்றாலும் பழைய வழக்கின் ஒரு கூறு இன்னும் மாறவில்லை. வங்கியில் கட்டும் பணத்தில் கள்ள நோட்டு இருந்தால் அது முத்திரையிட்டுப் பறிமுதல் செய்யப்படும், ஈடு கிடையாது. ஒரே முறையில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் காவல்துறையில் வழக்கும் பதிவாகும். யாரோ அடித்த நோட்டின் இழப்பு, கடைசியாக அதை நம்பி வாங்கியவர் தலையில் விழுகிறது. பூ விற்பவரும் கீரைக்காரரும் நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அதனால்தான். அவர்கள் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டும்படி நோட்டைச் செய்வது, அதை வெளியிடுவோர் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன்.