இடைவெளி எண்கணிதத்தின் வரலாறு

இடைவெளி எண்கணிதம் என்பது ஓர் அளவை ஒற்றை எண்ணால் குறிக்காமல், அது கட்டாயம் அடங்கியிருக்கும் கீழெல்லை, மேலெல்லை ஆகிய இரு எண்களால் குறித்துக் கணக்கிடும் முறையாகும். இக்கருத்து பழமையானது. ஆர்க்கிமிடீசு 96 பக்கப் பல்கோணங்களைக் கொண்டு, பையின் மதிப்பு 223/71 க்கும் 22/7 க்கும் இடைப்பட்டது என நிறுவினார்.

கணினி முடிவிலாத் தசமங்களை வெட்டியே சேமிக்கிறது. 1/3 ஐ 0.333 எனக் கொண்டு 3 ஆல் பெருக்கினால் 0.999 கிடைக்கும், பிழை எவ்வளவு என்பதை அவ்விடை சொல்லாது. [0.333, 0.334] எனக் கொண்டால் விடை [0.999, 1.002], உண்மை மதிப்பாகிய 1 அதனுள் அடங்கும். கீழெல்லையைக் கீழ்நோக்கியும் மேலெல்லையை மேல்நோக்கியும் முழுமையாக்குவதே அடிப்படை விதி.

சப்பானியரான தெரூவோ சுனாகா 1958 இல் இம்முறையை விரிவாக வகுத்தார். அமெரிக்கரான ரமோன் மூர் 1966 இல் வெளியிட்ட நூல் இதைப் பரவச் செய்தது.

இதில் ஒரு குறையும் உண்டு. [0, 1] இலிருந்து அதையே கழித்தால் 0 வராது. [-1, 1] வரும். இரண்டும் ஒரே எண் என்பதை இம்முறை அறியாது. அதனால் நீண்ட கணக்குகளில் எல்லைகள் பயனற்ற அளவுக்கு விரியலாம்.

ஆயினும், 1963 இல் எட்வர்டு லாரன்சு கணினியில் கண்ட விந்தை ஈர்ப்பி உண்மையா, கணக்கீட்டுப் பிழையின் தோற்றமா என்ற ஐயத்தை, 1999 இல் வார்விக் டக்கர் இம்முறையின் துணைகொண்டே தீர்த்தார். ஈர்ப்பி உண்மையே என்பது நிறுவப்பட்டது.