கல்லடைப்பும் கரைவாகுக் கிணறுகளும்

கல்முனையில் தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தெற்கே செல்லும் ஊர்களில், கல்லடைப்பு நோய்க்குக் காரணம் கிணற்று நீரே என்று சொல்வோரை நான் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடிக் கிணறுகளை உவராக்கிச் சென்றது. பௌசர்களில் வந்த தண்ணீருக்கு மக்கள் குடங்களோடு காத்துநின்ற அந்த மாதங்களில் இந்த எண்ணம் மேலும் இறுகிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. குற்றவாளி உண்மையில் கிணறுதானா?

இது நம் காலத்து நோயன்று. எகிப்தின் எல் அம்ரா என்னுமிடத்தில், ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன இளைஞன் ஒருவனின் உடலெச்சத்தில் சிறுநீர்ப்பைக் கல் இருந்ததை எலியட் ஸ்மித் 1901இல் கண்டார். லண்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அக்கல், 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தது. ஏழாயிரம் ஆண்டு கிடந்த கல்லை இரண்டாம் உலகப்போர் முடித்துவைத்தது!

சுசுருதர் இதனை அசுமரி என்றார். தமிழ் வைத்தியர் கல்லடைப்பு என்றனர். ஹிப்போகிரட்டீசின் உறுதிமொழி, கல்லுக்காகக் கத்தி வைப்பதைத் தனித் தொழிலாளருக்கு விட்டுவிடச் சொல்கிறது. அர்ராஸி சிறுநீரக, சிறுநீர்ப்பைக் கற்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஸ்பெயினின் அஸ்ஸஹ்ராவி கல்லை அகற்றும் சத்திரசிகிச்சையை விரிவாக விளக்கினார். அந்த மரபின் வழிவந்த யூனானி நம் முஸ்லிம் ஊர்களுக்கு அந்நியமானதல்ல.

இந்தப் பழைய நூல்களில் அதிகம் பேசப்படுவது சிறுநீர்ப்பைக் கல். தானியத்தையே பெரிதும் உண்டு, பாலும் புரதமும் போதாமல் வளர்ந்த ஏழைச் சிறுவர்களின் நோய் அது. உணவு செழித்த நாடுகளில் அது அருகியது. அதன் இடத்தில், வளர்ந்தவர்களின் சிறுநீரகக் கல் பெருகியது. இந்த மாற்றத்தில் முதலிடம் வகித்தது உணவு, கிணறு அல்ல.

கல் உருவாகும் விதத்தைக் கடற்கரைவாசிகளுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. வெயிலேறிக் களப்பு வற்றும்போது ஓரத்தில் உப்புப் பூப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிறுநீர் சுண்டும்போதும் அதுவே நடக்கிறது. பெரும்பாலான கற்கள் கல்சியமும் ஒட்சலேற்றும் சேர்ந்து படிகமாகியவை. சில யூரிக் அமிலத்தால் ஆனவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லோயா நீர் பாயும் வயல்களில் வேளாண்மை வெட்டுபவர், காலையில் குடித்த ஒரு பிளேன்டீயோடு உச்சிவரை வியர்க்கிறார். கடலுக்குப் போனவர் நிலையும் அதுதான். ‘தண்ணீர் சரியில்லை’ என்று எண்ணிக் குடிப்பதையும் குறைத்துக்கொண்டால், கல்லுக்கு வேறென்ன வேண்டும்? குடிநீரின் கடினத்தன்மைக்கும் கல்லுக்குமான தொடர்பு ஆய்வுகளில் பலவீனமாகவே தென்பட்டிருக்கிறது. உவர்நீரைக் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல நீரைத் தேடுங்கள். அதை நிறையக் குடியுங்கள்.

இத்தாலியில் போர்கியும் அவரது குழுவினரும் முதன்முறை கல் கண்ட 199 பேரை ஐந்தாண்டுகள் கவனித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் சிறுநீர் கழியுமளவு தண்ணீர் குடித்தவர்களில் 12 வீதத்தினருக்கே கல் மீண்டது. மற்றவர்களில் 27 வீதத்தினருக்கு மீண்டது. அதே குழுவின் 2002ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவையானது. கல்சியத்தைக் குறைத்து உண்ட 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. வழக்கமான கல்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 60க்கு 12 பேர் மட்டுமே. கல் வந்ததும் எருமைத் தயிரை ஒதுக்கிவிட்டு, கருவாட்டை விடாமல் உண்ணும் நம்மவர் இதைக் கவனிக்க வேண்டும். உணவிலுள்ள கல்சியம் ஒட்சலேற்றைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. உப்போ சிறுநீரில் கல்சியத்தை மிகுவிக்கிறது.

2012 முதல் 2014 வரை ரமழான் கச்சான் காலத்தில் வந்தது. அத்தகைய ஆண்டுகளில் நோன்பு துறந்தது முதல் சஹர் வரை தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பது அவசியம். ஏற்கெனவே கல் கண்டவர்கள் நோன்புக்கு முன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் வெளிப்பட்ட, காரணம் துலங்காத சிறுநீரக நோயை இதனோடு சிலர் குழப்புகிறார்கள். அது கல் நோயன்று. அங்கே குடிநீரைச் சந்தேகிக்கும் ஆய்வுகள் தனிக்கதை.

நெருஞ்சில், நீர்முள்ளிக் கஷாயம் குடித்துக் கல் விழுந்ததாகச் சொல்வோர் பலர். சிறு கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறும். பெருமை கஷாயத்துக்குப் போகிறது. எனக்கு அதில் ஆட்சேபமில்லை. அச்சம் வேறொன்றில்தான். வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டதென்று பொருளல்ல. குழாயை அடைத்தபடி வலியின்றிக் கிடக்கும் கல், மாதக்கணக்கில் ஒரு சிறுநீரகத்தையே ஓசையின்றிப் பாழாக்கக்கூடும். ஸ்கேன் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.