செய்தியா, சரக்கா? – ஒலிம்பிக் ஒளிபரப்பின் கதை

1948ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் இலங்கை வீரர் டங்கன் வைற் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். சுதந்திரம் பெற்று ஆறு மாதமும் நிறைவுறாத நாட்டிற்குக் கிடைத்த முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அது. எனினும், அவ்வோட்டத்தை வீட்டிலிருந்து காணும் வாய்ப்பு இந்நாட்டு மக்களுக்கு இருக்கவில்லை. அன்று தொலைக்காட்சியின் அலைகள் இலண்டனைச் சுற்றிய ஏறத்தாழ 50 மைல் வட்டத்துக்குள்ளேயே அடங்கின. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979ஆம் ஆண்டிலேதான்.

இன்றோ உலகின் எம்மூலையில் நடைபெறும் ஓட்டமும் நொடிப்பொழுதில் எமது வீட்டை வந்தடைகிறது. இது விஞ்ஞானத்தின் வெற்றி. மனித உழைப்பின் வெற்றி. இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அக்காட்சி எம்மை வந்தடையுமுன்னர் எவ்வெவர் கைகளில் விலைபேசப்படுகிறது என்பதையும், அவ்விலை விளையாட்டை எவ்வாறு மாற்றியமைத்துள்ளது என்பதையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது எமது கடமையாகும்.

ஒலிம்பிக் காட்சிகள் முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது 1936இல் பேர்லின் நகரிலாகும். பொதுமண்டபங்களிலே கூடிய ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் கட்டணமின்றி அவற்றைக் கண்டனர். கட்டணம் இல்லை என்பதனால் நோக்கம் இல்லை என்பதாகாது. நாசி அரசு தனது வல்லமையை உலகிற்குப் பறைசாற்றும் கருவிகளுள் ஒன்றாகவே இப்புதுமையைக் கையாண்டது. ஆனால், அதே அரங்கில் கறுப்பின வீரர் ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்களை வென்று, இனமேன்மை பேசியோரின் கொள்கையைக் கேலிக்குரியதாக்கினார்.

போருக்குப் பின்னர் கூடிய இலண்டன் ஒலிம்பிக்கின்போது பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்புரிமைக்காக 1,000 கினி தர இணங்கிற்று. அந்நிறுவனத்தின் பணநெருக்கடியைக் கருதிய அமைப்பாளர்கள் அக்காசோலையை மாற்றவேயில்லை. அக்காலத்தில் உரிமைப்பணம் என்பது பெரும்பாலும் மரியாதைக்குரிய ஒரு சடங்காகவே இருந்தது எனலாம்.

அச்சடங்கு வாணிபமாக மாறும் தறுவாயில் 1956ஆம் ஆண்டு மெல்போண் நகரிலே ஒரு தகராறு மூண்டது. 'ஒலிம்பிக் ஒரு செய்தி. எந்தச் செய்தியையும் போல இதனையும் கட்டணமின்றிப் படம்பிடித்துக் காட்டும் உரிமை எமக்குண்டு' என்று அமெரிக்க, ஐரோப்பியத் தொலைக்காட்சி நிறுவனங்களும் செய்திப்படக் கொம்பனிகளும் வாதிட்டன. 'அன்று, இது காட்சி. காட்சிக்கு விலையுண்டு' என்றனர் அமைப்பாளர்கள். இணக்கம் ஏற்படவில்லை, நிறுவனங்கள் விலகிக்கொண்டன. அவ்விழாவின் பெரும்பகுதியை உலகம் தொலைக்காட்சியிற் காணாமலே போயிற்று.

இங்கு நாம் ஒன்றை மனங்கொள்ளவேண்டும். அன்று 'செய்தி எல்லோர்க்கும் உரியது' என்று முழங்கிய நிறுவனங்கள் பொதுநலம் கருதி அவ்வாறு முழங்கவில்லை. இலவசமாகப் பெற்று விளம்பரத்தோடு விற்பதே அவற்றுட் பலவற்றின் நோக்கம். எனினும், அவை எழுப்பிய வினா மெய்யான வினாவேயாகும்.

அவ்வினாவுக்கு விடையளித்தது பணமே. ஒளிபரப்புரிமை விற்பனைக்குரியது என்ற விதி 1958இல் ஒலிம்பிக் சாசனத்திற் புகுத்தப்பட்டது. 1960ஆம் ஆண்டு உரோம் நகர விழாவை அமெரிக்காவில் ஒளிபரப்பும் உரிமையைச் சி.பி.எஸ். நிறுவனம் 3 இலட்சத்து 94 ஆயிரம் டொலருக்கு வாங்கிற்று. ஒளிப்பதிவு நாடாக்கள் விமானத்தில் நியூயோர்க்கிற்கு அனுப்பப்பட்டன. 1964இல் தோக்கியோ விழாவின் காட்சிகளைச் சின்கொம் 3 என்னும் செய்மதி பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் அனுப்பிற்று. தூரம் மறையத் தொடங்கியது. விலை வளரத் தொடங்கியது. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் விழாவுக்கு ஏ.பி.சி. நிறுவனம் 22 கோடி 50 இலட்சம் டொலர் கொடுத்தது. 2021 முதல் 2032 வரையான விழாக்களின் அமெரிக்க உரிமைக்கு 765 கோடி டொலர் தருவதாக 2014இல் என்.பி.சி. நிறுவனம் உடன்பட்டது.

விலை கொடுத்தவன் பொருளைத் தன் வசதிக்கேற்பக் கேட்பது சந்தையின் நியதி. 1988இல் சியோல் நகரிலே, வழமையாக மாலையில் நடைபெறும் மெய்வல்லுநர் இறுதிப் போட்டிகள் பல பகலுக்கு மாற்றப்பட்டன. 100 மீற்றர் இறுதியோட்டம் நண்பகல் கடந்து 1.30 மணிக்கு நடந்தது. நியூயோர்க்கில் அப்பொழுது முதல்நாள் இரவு. 2008இல் பெய்ஜிங் நகரில் நீச்சல் இறுதிப் போட்டிகள் காலையில் நடைபெற்றதும் இக்காரணத்தாலேயே. மாலையில் உச்சநிலை எய்தும்படி ஆண்டுக்கணக்கிற் பழகிய உடலைக் காலையில் நீந்தச் செய்தது யார்? பயிற்சியாளரா? மருத்துவரா? இல்லை, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள விளம்பர நேரம்.

ஆயினும், விலைகொடுத்து வாங்கிய கருவி எப்பொழுதும் வாங்கியவன் சொற்படியே நடப்பதில்லை. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் 200 மீற்றர் ஓட்டத்தில் வென்ற ரொமி சிமித், ஜோன் கார்லொஸ் ஆகிய அமெரிக்கக் கறுப்பின வீரர் இருவரும் பதக்க மேடையிலே தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தி நின்றனர். அவர்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டனர். ஆனால், அக்காட்சியை உலகின் கண்களிலிருந்து நீக்க எவராலும் இயலவில்லை. விளம்பரத்துக்காகத் திறக்கப்பட்ட சாளரத்தினூடே ஒடுக்கப்பட்டோரின் குரலும் வெளிவந்தது.

உரிமைப்பணத்தில் ஒரு பகுதி வறிய நாடுகளின் வீரர்களது பயிற்சிக்கும் செல்கிறதே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். பணம் வரலாகாது என்பது எமது வாதமன்று. விளையாட்டின் நேரத்தையும் அதனைப் பார்ப்போரின் தகுதியையும் பணம் ஒன்றே தீர்மானிக்கலாமா என்பதே எமது வினா.

ஆகாது என்று மக்கள் சமுதாயங்கள் சட்டத்தாற் கூறியதும் உண்டு. முக்கியமான விளையாட்டுக்களை ஒருவரே தனியுரிமையாக்கிக் கொள்வதைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரித்தானியா 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சேர்த்தது. ஒலிம்பிக் விழாவும் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியும் கட்டணமின்றிப் பார்க்கும் நிலையங்களுக்கு எட்டாது போகலாகாது என்பது அங்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம். கிரிக்கெட் ஒளிபரப்புப் பற்றி எழுந்த வழக்கொன்றில் இந்திய உயர் நீதிமன்றம் 1995இல் வானலைகள் பொதுமக்களின் சொத்து எனத் தீர்ப்பளித்தது. அவை அரசின் ஏகபோகமும் அல்ல, தனியாரின் ஏகபோகமும் அல்ல என்பது அதன் சாரம்.

மெல்போணில் எழுந்த வினா இன்னும் முடிவுறவில்லை. வகுப்பறையிலே ஒலிம்பிக் விழாவைப் பற்றிப் பேசும் ஆசிரியர்கள் பதக்கப் பட்டியலோடு நின்றுவிடாது, அவ்வோட்டம் எந்நேரத்தில் ஓடப்பட்டது, ஏன் அந்நேரத்தில் என்ற வினாக்களையும் மாணவர்முன் வைப்பார்களாக. டங்கன் வைற் ஓடிய அன்று எமக்குத் தடையாயிருந்தது தூரம். அத்தடையை மனித அறிவு தாண்டிவிட்டது. அது நின்ற இடத்தில் விலை என்னும் தடையை நாட்டுவதற்கு நாம் இடங்கொடுத்தலாகாது.