கரைமேல் மரம், கரைக்கு வெளியே நாம்

ஏரியின் வரலாறு என்றால் வெட்டிய அரசன் பேர் இருக்கும். கரையைக் காத்தவன் பேர் இருக்காது. கரையில் முளைக்கும் மரத்தை என்ன செய்வது என்கிற சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே இது வெளுத்துவிடும்.

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுத்ததைச் சொல்கின்றன. குடத்தில் பேர் விழ கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் ஓதியவனுக்கு அரைக்கால் வேலி போதும். மண் சுமந்தவனுக்கு இதில் எது இருந்தது? ஜனநாயகத்தின் பொற்காலம் என்று இதைத்தான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம்.

வெள்ளைக்காரன் வந்தான். 1858ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல் வலுவுள்ள ஆண்களை அழைக்கலாம். வர மறுத்தால் தண்டனை. நிலத்துக்காரனை மண்வெட்டி தூக்கச் சொல்லவில்லை சட்டம்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்த் தண்ணியை வயலுக்குத் திருப்பும் நீர்ப்பாய்ச்சி வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் ஜனங்கள். எங்க தாத்தாவும் நீர்ப்பாய்ச்சிதான். "செடியா இருக்கையில புடுங்கிரு, மரமாயிட்டா யோசிச்சு வெட்டு" என்பார்.

மரம் மண்ணைப் பிடிக்கும், கரைக்கு நல்லது என்று படித்தவர்களே பேசுகிறார்கள். மரம் நிற்கிறவரை சரி. செத்தால் வேர் மக்கி உள்ளே குழாய் மாதிரி பொந்து விழும். கண்மாய் நிறையும்போது தண்ணி அந்த வழியே கசிந்து, மண்ணை அரித்து, கரையையே கொண்டுபோகும். காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையும் பெயரும். புதர் மண்டினால் எலிவளையும் நண்டுவளையும் கண்ணுக்குத் தெரியாது. பெரிய மரத்தை எடுப்பதானால் கோடையில், வேர் போன மட்டும் தோண்டி, களிமண்ணைத் தண்ணி தெளித்து அடுக்கடுக்காகத் திமிசு போட வேண்டும். பனையின் வேர் சல்லிவேர், பருக்காது. அதனால் பனையை விட்டுவைத்தார்கள். இது எந்தக் கல்வெட்டிலும் இல்லாத பொறியியல்.

1870களில் சென்னை மாகாணத்துக்கு வந்த சீமைக்கருவேலம் கரையெல்லாம் ஏறிவிட்டது. 2017ல் நீதிமன்ற உத்தரவென்று அதைப் பிடுங்கும் வேகம் கிளம்பியது. கரையில் இயந்திரத்தை விட்டு வேரோடு பிடுங்கிவிட்டுக் குழியை அப்படியே போட்டால், அடுத்த மழையில் உடைப்பை அடைக்க யாரைக் கூப்பிடுவார்கள்?

2000ல் வந்த பாசன மேலாண்மைச் சட்டமும் சங்கத்தில் ஓட்டை ஆயக்கட்டு நில உடைமையாளருக்குத்தான் கொடுத்தது. கால் வேலிக் கணக்கு ஆயிரம் வருஷம் தாண்டியும் அப்படியே நிற்கிறது.

ஆகவே கேட்கிறேன். கரை வேலைக்கு உரிய கூலி, மர ஏலப் பணத்தில் பங்கு, நிலமில்லாவிட்டாலும் சங்கத்தில் ஓட்டு. மாணவத் தோழர்கள் இந்தக் கோடையில் மிச்சமிருக்கும் நீர்ப்பாய்ச்சிகளைத் தேடிப்போய், எந்த மரத்தை வெட்டினீங்க, எதை விட்டீங்க, ஏன் என்று கேட்டு எழுதுங்கள். நம் பாசன வரலாறு அவர்கள் வாயில்தான் இருக்கிறது.