ஒருதலைக் காதற் பாட்டும் அதன் பின்னின்ற மக்களும்

பாட்டொன்று பாடகனின் தனி நெஞ்சிலிருந்து மட்டுமே ஊற்றெடுக்கிறது என்று கொள்வது பலரின் வழக்கம். அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசையில் முதன்மை பெற்ற ஹாங்க் வில்லியம்ஸ் 1949 ஆம் ஆண்டிற் பாடிப் பெரும்புகழ் ஈட்டிய 'லவ்சிக் புளூஸ்' என்னும் பாட்டின் வரலாறு இக்கொள்கையை மறுக்கின்றது.

காதலித்தவள் கைவிட்டகல, தன் காதல் மட்டும் எஞ்சிநிற்க ஏங்குபவனின் புலம்பலே அப்பாட்டு. கேட்டோர் அதனை வில்லியம்ஸின் சொந்தத் துயரமாகவே கொண்டனர். ஆயின், அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1922 இலேயே அது எழுந்துவிட்டது. கிளிப் பிறென்ட் இசையமைக்க, ஏர்விங் மில்ஸ் சொற்களைப் புனைந்தார். 1920 களில் எமெற் மில்லர் அதனை இசைத்தட்டிற் பாடினார். அவர் முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தாரைப் போல நடித்து, வெள்ளையரைச் சிரிக்கவைத்த மேடைக் கலைஞர். 1939 இல் றெக்ஸ் கிறிபின் மீண்டும் பதிவுசெய்தார். இவ்வழியாகவே பாட்டு வில்லியம்ஸை வந்தடைந்தது.

1923 இல் அலபாமா மாநிலத்தில் வறிய வெள்ளைக் குடும்பமொன்றிற் பிறந்தவர் வில்லியம்ஸ். தந்தை நெடுங்காலம் மருத்துவமனையிலிருக்க, தாய் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காத்தார். சிறுவனுக்குக் கிதார் வாசிப்பையும், கூடிநிற்கும் மக்களைக் கவரும் வித்தையையும் கற்பித்தவர் றூபஸ் பெயின் என்னும் கறுப்பினத் தெருப்பாடகர். நிறப்பிரிவினையைச் சட்டமாகவே கொண்டிருந்த மண்ணில் நிகழ்ந்த கல்வி இது. பெயின் 1939 இல் இறந்தார். அவர் குரலைத் தாங்கிய இசைத்தட்டு ஒன்றேனும் இல்லை.

1948 டிசம்பர் 22 அன்று சின்சினாட்டி நகரில் 'லவ்சிக் புளூஸ்' பதிவாகியது. பதிவை மேற்பார்த்த பிறெட் றோஸ் அப்பாட்டை விரும்பவில்லை. வில்லியம்ஸோ தம் மேடைகளில் மக்கள் அதனை வரவேற்ற விதத்தை அறிந்திருந்தார். மக்களின் தீர்ப்பே வென்றது. 'பில்போட்' சஞ்சிகையின் பட்டியலில் அது 16 வாரங்கள் முதலிடம் வகித்தது. 1949 ஜூன் 11 அன்று நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' வானொலி மேடை அவருக்குத் திறந்தது.

அதே ஜூன் மாதத்திற் பிறிதொன்றும் நிகழ்ந்தது. கறுப்பினத்தாரின் இசைக்கு 'இனத் தட்டுகள்' என இட்டிருந்த பெயரை நீக்கி 'றிதம் அன்ட் புளூஸ்' எனவும், கிராமிய வெள்ளையரின் இசைக்குக் 'கன்ட்ரி அன்ட் வெஸ்ரேர்ண்' எனவும் 'பில்போட்' பெயர் மாற்றியது. பெயர்கள் கண்ணியம் பெற்றன. பட்டியல்களோ இரண்டாகவே நீடித்தன. தெருவோரத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட இசையை, விற்பனைச் சந்தை நிறத்தின்படி கூறுபோட்டு வைத்திருந்தது.

வில்லியம்ஸ் 1953 ஜனவரி முதல் நாளில், 29 ஆவது வயதில் இறந்தார். அவருடைய ஆற்றலை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பழைய மேடைப் பாட்டொன்றைத் தன் குரலின் உடைவினால் ஏழை மக்களின் துயரக் குரலாக்கியமை அவரது சாதனையே. ஆயினும் அவரைக் கலைஞராக்கிய கைகளுள் ஒன்று, பதிவேதும் பெறாது மறைந்த தெருப்பாடகனுடையது. அக்கையையும் எண்ணிக்கையிற் சேர்க்கும்போதுதான் இசையின் வரலாறு மக்களின் வரலாறாகின்றது.