பார்த்தது எந்த வௌவால்? அடையாளம் காண்பது எப்படி?

எட்டயபுரம் பக்கம் பனைமரத்துலயோ, பழைய மண்டபத்துலயோ வௌவால் தொங்குறதைப் பார்த்தீங்களா? எல்லாம் ஒரே வௌவால் இல்லை. முகம், காது, வால், தங்கும் இடம் ஆகிய நான்கையும் கவனிங்க.

பழந்தின்னி: நாய் போன்ற முகம், பெரிய கண்கள். பகலில் ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கும். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும்.

குட்டைமூக்கு பழ வௌவால்: சிறியது. காது ஓரம் வெள்ளையாக இருக்கும். பனை ஓலைக்கு அடியில் தங்கும்.

எலிவால் வௌவால்: எலிக்கு இருப்பது போல நீளமான வால். பாறை இடுக்கு, பாழடைந்த கட்டடங்களில் இருக்கும். பூச்சிதான் உணவு.

போட்டோ மட்டும் போதுமா?

போதாது. 1948-ல் தேனி மாவட்ட மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த வௌவாலை, குட்டைமூக்கு வௌவால் என்றே நினைத்தார்கள். 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை ஆராய்ந்தார். வால் இல்லை, பல் அமைப்பும் வேறு. அதுதான் சலீம் அலி பழ வௌவால்!

பெயர் ஏன் முக்கியம்?

2022 சட்டத் திருத்தம் வரை பழந்தின்னி வௌவால்கள், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காகத்தோடு சேர்ந்து பாதுகாப்பே இல்லாத பட்டியலில் இருந்தன. சலீம் அலி வௌவாலுக்கோ உச்சபட்ச பாதுகாப்பு.

கவனம்: அடையாளம் பார்க்கிறோம்னு கையில் பிடிக்காதீங்க. கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்க.